கிராப்புக்கு முன்பும் பின்பும்

தோளைத் தொடும் அளவுக்கு முடி வளர்த்த ஓர் ஆண், தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “என்ன தம்பி, வேண்டுதலா?” பழனிக்கா திருப்பதிக்கா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்று தலையாட்டினால், “வீட்டுல மாசமா இருக்காங்களா?” என்பார்கள். அதுவும் இல்லையென்றால் சினிமாவா, கூத்தா, கச்சேரியா என்று விசாரணை நீளும். பிடித்திருக்கிறது, அதனால் வளர்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பதில் ஊருக்குப் போதுவதில்லை. ஒட்ட வெட்டிய தலையிடம் யாரும் இப்படிக் காரணம் கேட்பதில்லை.

ஆணுக்குக் குட்டை முடிதான் இயல்பு, நீண்ட முடி சினிமாவிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்ற எண்ணம்தான் இந்த விசாரணைக்கு அடிப்படை. பள்ளித் தலைமையாசிரியர் முதல் பெண் பார்க்க வரும் வீட்டார் வரை பலரும் இதை உறுதியாக நம்புகிறார்கள். வரலாறோ நேர்மாறாக இருக்கிறது. தமிழ் ஆண்களின் தலையில் கிராப்பு பரவலாகக் குடியேறி ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னால், அடையாளம் தெரிந்த காலம் முழுவதும், நீண்ட முடிதான் ஊர் வழக்கம். இந்த மாற்றம் எப்படி நடந்தது, யாருக்கு எது அனுமதிக்கப்பட்டது, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்று பார்த்தால், மயிரின் நீளத்தைவிடப் பெரிய விஷயங்கள் அதில் சிக்கியிருப்பது தெரிகிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் நிறைய ஒளிப்படங்கள் உண்டு. அவற்றை மட்டும் புரட்டிப் பார்த்தாலே போதும். உழவர், நெசவாளர், மீனவர், பூசாரி, வணிகர் என்று பல தரப்பு ஆண்களின் தலையில் குடுமியையோ கொண்டையையோ காணலாம். முன்மண்டையை மழித்து, உச்சியிலும் பின்புறத்திலும் உள்ள முடியை வெட்டாமல் வளர்த்து, முறுக்கி முடிச்சிட்டுக்கொள்வது பொதுவான முறை. ஊசியோ கயிறோ வேண்டியதில்லை; முடியே முடியைக் கட்டிக்கொள்ளும். அவிழ்த்துவிட்டால் பலருக்கு முதுகின் நடுவரை தொங்கும்.

அந்த முடிக்கு ஒரு வாராந்தர ஒழுங்கும் இருந்தது. புதனும் சனியும் ஆண்களுக்கான எண்ணெய்க் குளியல் நாட்கள். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டு அலசி, குடுமியை அவிழ்த்து உதறிக் காயவைத்தபடி ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எல்லாத் தெருவிலும் கண்ட காட்சி. நாவிதர் வீடு தேடி வந்து முன்மண்டையை மழித்துவிட்டுப் போவார். இழவு வீட்டில் குடுமி அவிழும். சண்டையில் எதிராளியின் கை முதலில் போவதும் அதற்குத்தான். குடுமி போய் மூன்று தலைமுறை ஆன பிறகும் இரண்டு கட்சிக்காரர்கள் மோதிக்கொண்டால் செய்தித்தாள்கள் அதைக் குடுமிப்பிடிச் சண்டை என்றே எழுதுகின்றன.

இன்னும் பின்னால் போனால் குடுமியும் பல வழக்கங்களில் ஒன்றாகத்தான் தெரிகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, சிறுபிள்ளைக் குடுமியை அப்போதுதான் களைந்துவிட்டுப் போர்க்களம் வந்த இளைஞனாக அவனைக் காட்டுகிறது. அந்தக் குடுமி குழந்தைக்கு உரியது. வளர்ந்த ஆண்கள் முடியில் பூச்சூடிக்கொண்டதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய அறைகளில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் ராஜராஜன் என்றும் கருவூர்த்தேவர் என்றும் வழக்கமாக அடையாளம் சொல்லப்படும் இருவருக்கும் நீண்ட முடி, தூக்கி முடிந்திருக்கிறார்கள். நாயக்கர் காலச் சிலைகளுக்கு வந்தால் கொண்டை பக்கவாட்டில் சரிகிறது. பாணி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீளம் மட்டும் மாறவில்லை.

இந்த முடி ஒருமுறை ரோம் வரை போயிருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, துறவியைப் போல வாழ்ந்து, மேல்சாதியினரைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவர முயன்றார். மதம் மாறியவர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சக பாதிரிமார்கள் கொதித்தார்கள். அது சிலை வணக்கத்தின் எச்சம் என்று புகார் எழுதினார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஓர் ஆணை பிறப்பித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சமயச் சடங்கின் சாயல் நீக்கிப் பின்பற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மதுரைக்காரர் ஒருவரின் பின்மண்டையில் முடி இருக்கலாமா என்பதை ஐரோப்பாவின் மிகப் பெரிய சமய அதிகாரம் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது.

அத்தோடு பிரச்சினை ஓயவில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சீர்திருத்தக் கிறித்தவ மிஷன்களில் அதே கேள்வி மறுபடி கிளம்பியது. ஞானஸ்நானம் பெறுபவர் குடுமியை அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சில மிஷனரிகள் வற்புறுத்தினார்கள். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியை இருப்பிடமாகக் கொண்டிருந்த ராபர்ட் கால்டுவெல் அதற்கு மாறாக நின்றார். 1867-இல் குடுமியைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். அதை மதச் சின்னமாக அவர் ஏற்கவில்லை. முடி வைத்துக்கொள்வதில் ஒரு நாட்டார் கைக்கொண்ட பாணி, அவ்வளவே என்பது அவர் கட்சி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அறிஞர், ஆண்களின் தலைமுடிக்காகவும் ஆதாரம் திரட்டி வாதாட வேண்டியிருந்தது என்றால், அன்று குடுமி எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும், அதை அறுப்பது எவ்வளவு பெரிய முறிவாக உணரப்பட்டிருக்க வேண்டும்!

முறிவு வந்தது. ஆனால் பாதிரிமார் வழியாக அல்ல. ஆங்கிலக் கல்வி, அரசு உத்தியோகம், கப்பல் பயணம் ஆகியவை அதைக் கொண்டுவந்தன.

சுப்பிரமணிய பாரதி 1898 முதல் சில ஆண்டுகள் காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அங்கேதான் குடுமியை எடுத்தார், மீசை வைத்தார், தலைப்பாகை கட்டினார். ஆசாரமான அந்த வீட்டில் அது பெரிய சங்கடத்தை உண்டாக்கியது. இன்று தமிழர் மனத்தில் பதிந்திருக்கும் பாரதியின் முகம், ஓர் இளைஞன் தன் சமூகத்தின் முடிவழக்கத்தை மறுத்ததால் உருவான முகம்.

கணித மேதை ராமானுஜனின் கதை இதைவிட வலி நிறைந்தது. கேம்பிரிட்ஜுக்குப் போக அவர் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறினார். புறப்படுவதற்கு முன் குடுமி வெட்டப்பட்டது. ஐரோப்பிய உடை அணிவிக்கப்பட்டது. தாயையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கோலத்தில் அவர்கள் கண்ணில் படும் துணிவு அவருக்கு இல்லை. இந்தியாவுக்கு வெளியே தெரியும் ராமானுஜன் படங்கள் எல்லாம் கிராப்புத் தலையோடு இருப்பவை. அந்தக் கிராப்புக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. காந்தியும் இதே இடத்தில் நின்றவர்தான். இங்கிலாந்தில் வெறுந்தலையோடு இருக்கும்போது சிரிப்பார்களே என்று அஞ்சித் தன் குடுமியை எடுத்துவிட்டதாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். 1915-இல் ரிஷிகேசத்தில் ஒரு சந்நியாசி கேள்வி கேட்டபோது, பொய்யான வெட்கத்தால் செய்த காரியம் அது என்று ஒப்புக்கொண்டு மறுபடி வளர்க்க இசைந்தார்.

கிழக்காசியாவில் இதே காலத்தில் இதே மாற்றம் அரசாணையாக வந்தது. ஜப்பானின் மெய்ஜி அரசு 1871-இல் உச்சிக்கொண்டையைத் துறக்க வழிசெய்யும் ஆணையை வெளியிட்டது. கொரியாவில் 1895 இறுதியில் கொண்டையை வெட்டச் சொல்லி ஆணை வந்ததும் நாட்டின் பல பகுதிகளில் கலகம் வெடித்தது. சீனத்தில் 1911 புரட்சியோடு நீள்சடைகள் வெட்டப்பட்டன. தமிழ்நாட்டிலோ எந்த அரசும் குடுமியை வெட்டச் சொல்லிச் சட்டம் போடவில்லை. தடை ஏதுமில்லாமலே ஒரு வழக்கம் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்குள் தெருவிலிருந்து மறைந்தது. பேரன் கிராப்பு, மகன் தலைப்பாகைக்குள் குடுமி, தாத்தா திறந்த குடுமி என்று ஒரே வீட்டில் மூன்று காலங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் குடுமி போனது ஓர் இழப்பு என்று தோன்றலாம். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. இந்த வரிசையில் ஒன்று: ஆதிதிராவிடர் எவரும் முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

குட்டை முடிக்காக ஒரு மனிதனின் வீடு எரிந்திருக்கிறது. ஆண்களின் முடி வரலாற்றை எழுதும் யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. குடுமி வைக்கும் இடமும் அளவும் வடிவும் சாதிக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப மாறின. ஒருவன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் தலை அவன் பிறப்பைச் சொல்லிவிடும். கிராப்பு அந்தப் பேச்சை நிறுத்தியது. ரயிலில், பள்ளியில், பட்டணத்துத் தெருவில் இரண்டு கிராப்புத் தலைகளைப் பார்த்து யார் என்ன சாதி என்று சொல்வது கடினமாயிற்று. அதனால்தான் ஆதிக்கம் செய்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் குடுமியைப் பழைமையின் கொடியாகக் கண்டதையும், பெண்களும் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் வலியுறுத்தியதையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

கிராப்போடு கூடவே வந்தது சலூன். அதற்கு முன் நாவிதர், ஊர்க் குடிமக்களில் ஒருவர். வீடுவீடாகப் போய் வேலை செய்து, அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி பெற்றவர். சலூன் அவருக்கு ஒரு கடையைக் கொடுத்தது. சுழல் நாற்காலி, எதிரெதிர்க் கண்ணாடி, கையால் அழுத்தும் மிஷின், வெட்டுக்குக் காசு. வாடிக்கையாளர் அவரைத் தேடி வந்தார். காத்திருப்பவர்களுக்காகப் போட்ட பெஞ்சில் செய்தித்தாள் வந்தது, அதைச் சுற்றி அரசியல் பேச்சு வந்தது. திராவிட இயக்கத்தின் ஏடுகள் ஊருக்கு ஊர் வாசிக்கப்பட்ட இடங்களில் முடிதிருத்தும் கடைகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் அதே கடைகளில் பல, தலித் மக்களுக்குக் கதவைச் சாத்தின. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், கடை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் முடிதிருத்தும் நிலையத்தைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் சலூன் நாற்காலி மறுக்கப்படும் செய்திகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கிராப்பு வெற்றிபெற்றுவிட்ட காலத்திலேயே நீண்ட முடி வேறு வழியில் திரும்பி வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் ‘பவளக்கொடி’ மூலம் திரைக்கு வந்தார். நெற்றியிலிருந்து பின்னோக்கி வாரி, பிடரியில் அலையலையாக இறங்கிப் புரளும் அவர் முடியைத் தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ‘பாகவதர் கிராப்பு’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ காலத்தில், அந்தப் பாணியில் முடி வளர்க்காத பாட்டுக்காரர்கள் குறைவு. கிராமத்து இளைஞர்களும் பாகவதர் போல வளர்த்து எண்ணெய் தடவி வாரினார்கள். குடுமியில் இருந்த சாதியின் சாயல் இதில் இல்லை. பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஒரு பாடகரின் முடியை எல்லாச் சாதி இளைஞர்களும் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். நீண்ட முடி, பிறந்த குலத்தைக் காட்டாமல் ஒருவர் விரும்பித் தேர்ந்த அழகைக் காட்டத் தொடங்கியது இங்கேதான் என்று துணிந்து சொல்லலாம்.

பிறகு எழுபதுகள். பீட்டில்ஸ் குழு 1968-இல் ரிஷிகேசம் வந்தது. அதே ஆண்டு புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை வெள்ளைக்கார நாடோடிகள் நடமாடினார்கள். காதை மூடிய முடி வைத்த உள்ளூர்ப் பையன்களுக்கும் ‘ஹிப்பி’ என்று பெயர் வந்தது. பெல்பாட்டமும் ஸ்டெப் கட்டிங்கும் சேர்ந்தே பரவின. எண்பதுகளில் பின்பக்கம் மட்டும் நீளவிட்டதை ‘பங்க்’ என்றார்கள். இவற்றையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட பெரியவர்களில் பலருடைய தாத்தாக்களுக்கு முதுகுவரை முடி இருந்தது.

தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் எழுபதுகளின் அரசு இதில் நேரடியாகவே இறங்கியது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டாலோ, காதை மூடினாலோ, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலோ அது நீண்ட முடி. அப்படிப்பட்ட ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். 1972-இல் லெட் செப்பலின் இசைக்குழுவின் நிகழ்ச்சி அங்கே முடியின் நீளத்தால் நடக்காமல் போயிற்று.

இத்தனை அலைகளுக்கு நடுவே நீண்ட முடி ஒரு நாளும் முழுதாகப் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அது சில ஆட்களிடமும் சில காலங்களிலும் ஒதுங்கிக்கொண்டது. சிதம்பரம் தீட்சிதர்கள் இன்றும் முன்பக்கமாகச் சாய்த்து முடியும் குடுமியோடுதான் தில்லைத் தெருக்களில் நடக்கிறார்கள், வங்கிக்கும் காய்கறிக் கடைக்கும் போகிறார்கள். வேத பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குடுமி உண்டு. தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டும் ஆண்கள் பலர் முடியை வெட்டுவதில்லை. குலதெய்வக் கோயில் சாமியாடிக்கும் கோடாங்கிக்கும் அவிழ்ந்த முடி தொழிலின் ஒரு பகுதி. நரிக்குறவர் பெரியவர்களின் கொண்டையை இன்னும் பேருந்து நிலையங்களில் பார்க்கலாம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சடைமுடிக்குக் குறைவே இல்லை. நீலகிரியில் தோடர்களும் கோத்தர்களும் நீண்ட முடியோடு இருந்ததைப் பழைய படங்கள் காட்டுகின்றன. கடலுக்கு அப்பால் இலங்கையின் தென்மேற்குக் கரையில், சிங்கள ஆண்கள் கொண்டை போட்டு, ஆமையோட்டில் செய்த வளைந்த சீப்பைத் தலையில் செருகிக்கொண்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் வியந்து எழுதினார்கள். அந்த வழக்கமும் கிராப்புக்கு வழிவிட்டது.

வேண்டுதல் முடிதான் இவற்றில் எண்ணிக்கையில் பெரியது. நோய் தீர, வேலை கிடைக்க, பிள்ளை பிறக்க என்று நேர்ந்துகொண்டு ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள். பழனியிலோ திருச்செந்தூரிலோ திருமலையிலோ இறக்குகிறார்கள். மனைவி கருவுற்றிருக்கும்போது கணவர் முடி வெட்டாத வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் உண்டு. கார்த்திகையில் மாலை போடும் ஐயப்ப பக்தர், ஒரு மண்டல காலம் கத்தியோ கத்தரியோ படாமல் இருக்கிறார். அலுவலகமும் தொழிற்சாலையும்கூட அந்த நாட்களில் தாடியையும் முடியையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. தமிழ்ச் சமூகம் ஆணின் நீண்ட முடியை வெறுப்பதாகச் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் கடவுளோ கலையோ மனைவியோ இருந்தால் போதும், மனமார ஏற்கும். அவனுடைய சொந்த விருப்பம் மட்டுமே காரணமாக இருப்பதைத்தான் ஏற்க மறுக்கிறது.

உடலுக்கு இதில் எந்த வேறுபாடும் தெரியாது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கிறது. வெட்டாமல் விட்டால் எவ்வளவு நீளும் என்பதை அந்த வளர்ச்சிக் காலம்தான் தீர்மானிக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். ஆண் என்பதால் முடி தோளோடு நின்றுவிடாது. பல ஆண்களுக்கு வயதாக ஆக ஹார்மோன்களாலும் பரம்பரையாலும் முன்மண்டையில் வழுக்கை விழுகிறது, அவ்வளவுதான்.

பொதுவாழ்வில் உயர்ந்த நிலையிலும் நீண்ட முடி இருந்திருக்கிறது. ராமேசுவரத்தில் பிறந்து 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம், நடுவகிடு எடுத்துக் காதோரம் சுருண்டு இறங்கும் வெள்ளி முடியோடுதான் ராஷ்டிரபதி பவனுக்குள் போனார். அதோடுதான் வெளியே வந்தார். பதவிக்காக அதை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளர் ஜெயகாந்தனின் பின்வாரிய நீள்முடி அவருடைய கம்பீரத்தின் பகுதியாகவே நினைவில் நிற்கிறது. 2006-இல் லாகூர் ஆட்டத்துக்குப் பிறகு, நீண்ட முடியோடு நின்ற மகேந்திரசிங் தோனியிடம் அதை வெட்டிவிடாதீர்கள் என்று பாகிஸ்தான் அதிபர் முஷாரப் மேடையிலேயே சொன்னார். பின்னாளில் வெட்டிக்கொண்ட தோனி, 2024-இல் நாற்பதைத் தாண்டிய வயதில், மறுபடி நீண்ட முடியோடு சேப்பாக்கத்தில் இறங்கினார். அதற்குப் பிறகு சலூன்களில் ‘வெட்ட வேண்டாம், ஷேப் மட்டும் பண்ணுங்க’ என்று சொல்லும் இளைஞர்கள் புதியவர்களாக இல்லை. ரப்பர் பேண்டு போட்ட ஆண் தலைகளைச் சென்னை மின்ரயிலிலும் கோயம்புத்தூர் ஐ.டி. அலுவலகத்திலும் மதுரை ஜிம்மிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். பெரும்பான்மை என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் திரும்பிப் பார்க்கவைத்த கோலம் இன்று அப்படிச் செய்வதில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் இன்னும் மசியவில்லை. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து ஒரே மாதிரிச் செய்தி வருகிறது. முடி வளர்த்தோ விதவிதமாக வெட்டியோ வரும் மாணவர்களுக்குப் பள்ளி வளாகத்திலேயே ஆளை வரவழைத்து முடி வெட்டுகிறார்கள். ‘புள்ளிங்கோ கட்டிங்’ வெட்டாதீர்கள் என்று சலூன்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். ஒழுக்கத்தின் பெயராலும் பண்பாட்டின் பெயராலும் இது நடக்கிறது. ஆசிரியர்களின் கவலை பொய்யில்லை. வகுப்பில் கவனம் சிதறுவதும், பையன்களின் கூட்டங்கள் அடையாளத்துக்காக மோதிக்கொள்வதும் உண்மையிலேயே நடப்பவை. ஆனால் பண்பாட்டைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. அந்தப் பள்ளியின் சுவரில் மாட்டியிருக்கும் திருவள்ளுவரைப் பார்க்கட்டும். கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து, 1964-இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டு, பின்னர் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவிய அந்தப் படத்தில் வள்ளுவருக்கு உச்சியில் முடிந்த கொண்டை இருக்கிறது. தமிழ் ஆண் எப்படி இருந்தான் என்று அரசே ஏற்றுக்கொண்ட கற்பனை அது.

வகுப்பு முழுவதும் பார்க்க ஒரு பையனின் முடியை வெட்டுவது அவனை அவமானப்படுத்துவது. உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அடுத்தவன் தலையில் என்ன இருக்கலாம் என்று அதிகாரம் உள்ளவர்கள் முடிவு செய்த பழைய கதைகள் எதுவும் பெருமைப்படும்படி முடிந்ததில்லை. 1930-இல் கிராப்பைத் தடுத்தவர்களும் ஒழுங்கைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

விதி வேண்டுமென்றால் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் எழுதலாம். பேன் இல்லாமல், வாரிக் கட்டி வர வேண்டும் என்பது பெண் பிள்ளைகளுக்கு எப்போதும் இருக்கும் விதி. அதைப் பையன்களுக்கும் சொல்லலாம். ஆய்வகத்திலும் தொழிற்பயிற்சிக் கூடத்திலும் சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் யார் முடியும் தொங்கக் கூடாது. வளர்த்த முடிக்குப் பயனும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்ய முடிதானம் கேட்கும் அமைப்புகள் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அங்குல நீளம் எதிர்பார்க்கின்றன. மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் கணக்கில் பன்னிரண்டு அங்குலத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். பத்தாம் வகுப்பு முடித்து முடி வளர்க்கத் தொடங்கும் ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கும்போது அதைக் கொடுத்துவிடலாம், மாதாமாதம் அவனை யாரும் சலூனுக்கு விரட்டாமல் இருந்தால்.